ஐவரீனின் கைத்துணி

லாசல்ஸ் பென்னன்ட் கடலை வரைய மாட்டான். கிங்ஸ்டன் துறைமுகத்துக்குக் கப்பல் வரும் நாட்களில் மற்ற ஓவியர்கள் தென்னையும் கடலும் பூத்த மரமும் வரைந்து பயணிகளிடம் விற்றுவிட்டு, பொழுது சாயும்போது ரம் கடையில் சிரித்துக்கொண்டிருப்பார்கள். இவன் வாழைக்குலை சுமக்கும் பெண்ணின் கழுத்து நரம்பை வரைவான். வேலைநிறுத்தத்தில் போலீஸ் தடி பட்டு மண்டை பிளந்தவனை வரைவான். வாங்க ஆளில்லை. வயிற்றுப்பாட்டுக்குப் பேருந்துகளில் பெயர் எழுதினான்.

எங்கள் வளவில் ஒரே குழாய். அதைச் சுற்றிப் பலகை அறைகள். அவன் அறைக்கும் என் அறைக்கும் நடுவே ஒரு பலகைதான். துறைமுக வாசலில் மீன் பொரித்து விற்பவள் நான். விற்காமல் போன மீனில் பாதி அவன் தட்டுக்குத்தான் போகும்.

"ஏன் மாஸ் லாஸ், ஒரு தென்னமரத்தப் போட்டா கை ஒடிஞ்சா போயிடும்?" என்று கேட்பேன். ஆண்களை மரியாதையாக மாஸ் என்றுதான் கூப்பிடுவோம்.

"தென்னமரம் பசியோட என் வாசல்ல வந்து நிக்கட்டும் மிஸ் டெல். போடறேன்."

குழாயடியில் நாள் முழுக்க நிற்பவள் ஐவரீன். மேட்டுத் தெருப் பெரிய வீடுகளின் துணிகளை வெளுத்துக் கொடுப்பாள். நெட்டையான உடம்பு, வளவே திரும்பிப் பார்க்கிற சிரிப்பு. உலகப் போர் முடிந்த அடுத்த வருஷம், மழைக்காலத்தில் பிடித்த இருமல் அவளை விடவில்லை. ரவிக்கைக்குள் ஒரு துணி செருகியிருப்பாள். இருமிவிட்டு அதைப் பார்ப்பாள், சட்டென்று மடித்து உள்ளே வைப்பாள். வளவில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. மேட்டுத் தெருவுக்குச் சேதி போனால் அவள் அடுப்பில் உலை ஏறாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தொட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தவளை லாசல்ஸ் வரையத் தொடங்கினான். மாவுச் சாக்கைப் பிரித்து இழுத்துக் கட்டிய சட்டத்தில் அவள் மெல்ல மெல்ல வந்தாள். சோடாக்காரத்தில் வெந்த விரல்கள், வீங்கிய கால், மடியில் விரித்த துணி, துணியில் ரத்தம்.

அவள் அதை வெகுநேரம் பார்த்தாள்.

"ரத்தம் வேண்டாம்னா எடுத்துடறேன் மிஸ் ஐவி."

"உள்ளதத்தானே போட்டிருக்க. இருக்கட்டும். இந்த வளவ விட்டு அது எங்க போகப்போவுது?"

அது போனது. நகரத்துக் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கியது. லாசல்ஸ் ஆட்டுக்கறி வாங்கி வந்தான், வளவே சாப்பிட்டது. மறுநாள் பத்திரிகையில் படம், பக்கத்தில் அவன் பேச்சு. இது கற்பனை இல்லை, என் வளவுச் சலவைக்காரி ஐவரீன் கெய்ல்தான் இது என்று அவன் பெருமையாகச் சொன்னதை அப்படியே அச்சடித்திருந்தார்கள். அவளை அவன் அவ்வளவு மதித்தான். அதனால்தான் பெயரைச் சொன்னான்.

முதலில் வந்தது ஒரு மருத்துவர் வீட்டுச் சமையற்காரி. வாசலோடு நின்றுகொண்டாள்.

"அம்மா துணியெல்லாம் வாங்கியாரச் சொன்னாங்க."

"இன்னும் காயலியே."

"ஈரமா இருந்தாலும் பரவால்லையாம். எரிக்கத்தான் போறாங்க." கொண்டுவந்த குச்சியை நீட்டினாள். "மூட்டைய இதுல மாட்டி விடு. கிட்ட வராதே தாயி, எனக்கும் புள்ளைங்க இருக்கு."

அந்த வாரம் முழுக்க ஆட்கள் வந்தார்கள். பிறகு வர ஒருவரும் இல்லை. ஐவரீன் காலியான கொடியின் கீழே உட்கார்ந்திருந்தாள். லாசல்ஸைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவன் தாங்கியிருப்பான் என்று நினைக்கிறேன்.

அவன் மேட்டுத் தெருவுக்கு நடந்தான். ஒவ்வொரு வீட்டுப் பின்வாசலிலும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "ரத்தம் நானா சேத்ததும்மா, படம் எடுப்பா இருக்கட்டும்னு. அவளுக்கு ஒண்ணுமில்ல" என்றான். மருத்துவரின் மனைவி மட்டும்தான் பதில் சொன்னாள்.

"அப்போ பொய்ய வரைஞ்சு பரிசு வாங்கினியா? பொய்னா அழிச்சிடு. அப்புறம் பேசலாம்."

அவன் நேரே கண்காட்சிக்குப் போனான். சட்டைப் பையில் வெள்ளை வண்ணமும் பிரஷ்ஷும் இருந்தன. காவலாளி ஓடி வருவதற்குள் மடியில் இருந்த துணி வெளுத்துவிட்டது. பரிசைப் பறித்தார்கள். இனி இங்கே காலெடுத்து வைக்காதே என்று படத்தையும் அவனையும் சேர்த்து வெளியே தள்ளினார்கள். மேட்டுத் தெருவிலிருந்து ஒரு கைக்குட்டைகூடத் திரும்பி வரவில்லை.

படத்தைத் தலைமேல் சுமந்துகொண்டு வளவுக்கு வந்தான். ஐவரீன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து பார்த்தாள்.

"எங்க அது?"

"அழிச்சிட்டேன்."

"உன்னை யாரு அழிக்கச் சொன்னா?" அன்றுதான் அவளுக்குக் கோபம் வந்து பார்த்தேன். "ரத்தம் இல்லேன்னா, வேல நேரத்துல வெறும் துணிய மடியில விரிச்சிக்கிட்டு நான் எதுக்கு இப்படி உக்காந்திருக்கேன்? சோம்பேறிக் கழுத மாதிரி! ஐவரீன் ஒருநாளாவது சும்மா உக்காந்து பாத்திருக்கியாடா? சொல்லு மிஸ் டெல், நீயாவது பாத்திருக்கியா?"

லாசல்ஸ் தரையில் உட்கார்ந்துவிட்டான்; அவன் தோள்கள் குலுங்கின. அவள் அவன் முதுகில் முழங்காலால் இடித்தாள்.

"அழுவாத. வண்ணத்தக் கலக்கு."

அவன் கலந்தான். அவள் ரவிக்கையிலிருந்து அந்தத் துணியை எடுத்துத் தன் மடியிலேயே விரித்து வைத்துக்கொண்டு, எதிரில் உட்கார்ந்தாள். இருட்டும் மட்டும் அவள் அசையவில்லை. முடிந்ததும் எட்டிப் பார்த்தாள்.

"ம். இப்பதான் நான்."

சில வாரங்களில் சுகாதாரத் துறை வண்டி வந்து அவளை மலையடிவாரத்துக் காசநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. லாசல்ஸ் ஞாயிறுதோறும் நடந்தே போய் வந்தான். உள்ளே விடமாட்டார்கள், வேலிக்கு வெளியே நின்று கையாட்டுவான். கிறிஸ்துமஸுக்கு முன்பு ஒரு ஞாயிறன்று அவளுடைய ஜன்னல் கட்டிலில் வேறொருத்தி இருந்தாள். புதைத்த பிறகுதான் எங்களுக்குச் சொன்னார்கள். எந்தக் குழி என்றுகூடத் தெரியவில்லை.

படத்தை யாரும் வாங்கவில்லை. அவனும் விற்கப் பார்க்கவில்லை. ஐந்தாறு வருஷம் கழித்துப் பெரும் புயல் வந்தபோது கூரையோடு அதுவும் போயிற்று. சட்டத்தின் ஒரு மூலை மட்டும் சாக்கடையில் கிடைத்தது.

அவன் வரைவதை விடவில்லை. மீண்டும் சுமை தூக்குகிறவர்கள், கரும்பு வெட்டுகிறவர்கள். ஆனால் எல்லோரும் முதுகு காட்டி நின்றார்கள். பிற்காலத்தில் படித்தவர்கள் அந்த முதுகுகளைப் பற்றிப் பெரிது பெரிதாக எழுதினார்கள் என்று கேள்விப்பட்டேன். அவனிடம் கேட்டால், "முகம் எனக்கு வராது" என்று முடித்துக்கொள்வான்.

பலகைக்கு அந்தப் பக்கம் பிரஷ் உரசும் சத்தம் தினமும் கேட்கும். படம் வரைய என்னை ஒருநாளும் உட்காரச் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் உட்கார்ந்திருக்க மாட்டேன். மீன் மிஞ்சினால் மட்டும் தட்டை அவன் வாசலில் வைத்துவிட்டு வருவேன்.