எத்தனையாவது பிள்ளை?

ஹவ்வா மதினி அன்றைக்கு மவுத்தாகிவிடுவாள், உயிர் பிழைக்கமாட்டாள் என்று எனக்குக் காலை பத்து மணிக்கே பட்டுவிட்டது. பட்டும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். எல்லாம் உம்மாவுக்குப் பயந்துதான், வேறென்ன.

அது முப்பத்தெட்டாம் வருஷம். மாத்தளை டவுனில் என் அண்ணன் ஜுனைதீன் நானாவின் புடவைக்கடைக்குப் பின்னால் எங்கள் வீடு. விடியும்போதே நானாவின் மனைவி ஹவ்வா மதினிக்குப் பிரசவ வலி எடுத்தது. இந்தத் தடவை மருத்துவிச்சி வேண்டாம், டொக்டர்தான் வரவேண்டும் என்று நானா ஒற்றைக்காலில் நின்றார். உம்மா இரண்டு நிபந்தனையோடு சம்மதித்தார். கட்டிலுக்கு முன்னால் திரை கட்டவேண்டும். மதினியின் குரல் அந்நிய ஆணின் காதில் விழக்கூடாது, கேட்பதற்கெல்லாம் உம்மாவே பதில் சொல்வார். நானா டொக்டருக்கு ஆள் அனுப்பிவிட்டு, வீட்டில் நிற்கக் கூச்சப்பட்டுப் பள்ளிவாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். ஆண்களுக்கு நல்ல வசதிதான்.

டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், அவசரக்காரர். திரைக்கு வெளியே நீட்டிய மதினியின் கையைப் பிடித்து நாடி பார்த்தார்.

"எத்தனையாவது பிள்ளை?"

"தலப்புள்ள," என்றார் உம்மா.

திரைக்கு உள்ளே மதினியின் பக்கத்தில் இருந்த எனக்குத் திக்கென்றது. இது தலைப்பிள்ளை இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் எட்டாம் மாதத்தில் ஒன்று பிறந்து, அழாமலே போய்விட்டது. அழாத பிள்ளையை எங்கள் வீட்டில் பிள்ளையென்று சொல்வதில்லை. அடுத்தது பிறக்கும் நேரத்தில் அதைப் பேச்சில் எடுத்தால் இதுவும் அதன் பின்னாலேயே போய்விடும் என்பது உம்மாவின் பயம். ஆனால் அன்றைக்குப் பிள்ளை மட்டுமா போனது? நஞ்சுக்கொடி விழாமல் நின்று, மருத்துவிச்சி கையை உள்ளே விட்டு இழுத்து, அப்புறம் ஓடிய இரத்தத்தைத் துடைத்தவள் நான்தான். நானா அப்போது சரக்கெடுக்கக் கொழும்புக்குப் போயிருந்தார். திரும்பி வந்தவரிடம் பிள்ளை தங்கவில்லை என்று மட்டும் சொன்னோம்.

"முந்தி ஏதும் வருத்தம் இருந்ததோ?"

"ஒன்னுமில்ல டொக்டர். நல்ல சுகம்."

மதினி என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது. அவள் கண்ணைப் பார்த்துவிட்டு, பார்க்காதவள் மாதிரித் தலையைத் திருப்பிக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வரும்.

"தலைப்பிள்ளை எண்டால் பின்னேரம் ஆகும்," என்று டொக்டர் பையை மூடினார். "ரிவர்ஸ்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலை துரையின்ர மனிசிக்குச் சுகமில்லை. பாத்திட்டு நாலு மணிக்கு வாறன்."

ரிவர்ஸ்டன்! அன்றைக்கு விடிந்ததிலிருந்து மழை. அந்த மலையில் மூட்டம் இறங்கினால் கார் எப்போது திரும்பும் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். உம்மா வெந்நீர் பார்க்க அடுப்படிக்குப் போனார். மதினி என் காதைத் தன் வாயோடு இழுத்தாள்.

"றம்லா, டொக்டர்ட்ட செல்லும்மா. இல்லாட்டி நான் மவுத்தாயிருவேன்."

ஓடினேன். முக்காடு சரிந்ததுகூடத் தெரியவில்லை. கடைவாசலில் நின்றவர்களெல்லாம் பார்த்தார்கள். டிரைவர் காரைக் கிளப்பிவிட்டிருந்தான். கதவைப் பிடித்துக்கொண்டேன். பின்னால் உம்மாவின் குரல், "றம்லா! வாய மூடு!"

"டொக்டர், இது ரெண்டாவது," என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

அவர் கோபப்படவில்லை. எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு, அந்த மழையிலேயே ஒவ்வொன்றாகக் கேட்டார். எத்தனையாம் மாதம், கொடி தானாக விழுந்ததா, இரத்தம் எவ்வளவு.

"மூணு சேல நனைஞ்சிச்சு."

"மயங்கினவவோ?"

"பின்னேரம் அஸர் பாங்கு செல்ற நேரம் மயங்கினாங்க. பொழுதுபட்டு மஃரிபுக்குத்தான் கண்ணத் தொறந்தாங்க."

"இதையெல்லோ முதல் சொல்லியிருக்க வேணும், பிள்ளை." டொக்டர் ஒரு துண்டு எழுதி டிரைவரிடம் கொடுத்து, ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸையும் மருந்தையும் கொண்டுவரச் சொன்னார். துரைசானி காத்திருக்கவேண்டியதாயிற்று.

உள்ளே வந்தபோது உம்மா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "இந்தப் புள்ளைக்கு ஏதும் ஆச்சுன்னா ஒன் வாய்தான் காரணம்," என்றார். எனக்கும் பாதி நம்பிக்கை இருந்தது. சொல்லியே கொன்றுவிட்டேனோ?

நர்ஸ் வந்து சேர்ந்தாள். நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு முன்பே பிறந்துவிட்டது. ஆண். ஓங்கி அழுதது. உம்மா பிள்ளையை வாங்கிக்கொண்டு எங்கள் எல்லோரையும் பார்த்துச் சிரித்தார்.

அப்புறம் அந்த வாடை வந்தது. எனக்குத் தெரிந்த வாடை. கட்டிலில் விரித்த பாய் நனைந்து தரைக்கு வழிந்தது. மதினியின் உதடு வெளுத்துக்கொண்டே போனது. டொக்டர் திரைக்குள் புகுந்து, முன்பே மருந்து ஏற்றிவைத்திருந்த ஊசியைப் போட்டுவிட்டு, அவள் வயிற்றை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார்.

"திரையைக் கழட்டுங்கோ! வெளிச்சம் வேணும்!"

நான் உம்மாவைப் பார்த்தேன். உம்மா பிள்ளையை நர்ஸிடம் திணித்துவிட்டு, ஒரே இழுவையில் திரையைக் கயிற்றோடு பிடுங்கி எறிந்தார். நான் குர்ஆனிலிருந்து யாஸீன் ஓதத் தொடங்கினேன். முதல் வசனத்தைத் தாண்ட முடியவில்லை. அதையே திரும்பத் திரும்ப ஓதிக்கொண்டிருந்தேன்.

இரத்தம் நின்றது. இந்தத் தடவை மதினி மயங்கவில்லை. டொக்டர் கையைக் கழுவிவிட்டு, வியர்வையோடேயே பையிலிருந்து பதிவெழுதும் கொப்பியை எடுத்தார். சேதி கேட்டு ஓடிவந்த நானா வாசலில் நின்றார்.

"எத்தனையாவது பிள்ளை எண்டு எழுத?" டொக்டர் உம்மாவைத்தான் கேட்டார்.

"ரெண்டாவது," என்றது கட்டிலிலிருந்து ஒரு குரல். மெல்லிய குரல்தான், எல்லோருக்கும் கேட்டது. "மூத்தது பொம்புளப் புள்ள."

அது பெண் என்று நானாவிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.