வலத்தே ஒடித்த வளையம்

ஆறாவது மூட்டையைக் காரின் பின்சீட்டில் தூக்கிப் போட்டபோது சுந்தரதாஸின் இடுப்பு பிடித்துக்கொண்டது. கெட்ட வார்த்தை ஒன்று பல்வரை வந்துவிட்டது. அடுத்த வளைவிலிருந்த சபைக்கோயிலில் பாட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள் என்பதால் விழுங்கினான்.

"நாளைக்கு கோர்ட்டுக்குப் போவணும். இன்னைக்கு இடுப்ப ஒடிச்சிட்டு கெடக்கப் போறியளா?" என்றாள் அவன் மனைவி லீலாபாய். சாக்கில் மரச்சீனிக் கிழங்கை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏழாவதக் கெட்டு."

பன்னிரண்டு நாட்களுக்கு முன்பு பாறசாலை செக்போஸ்டில் இந்தக் கார்தான் கிருஷ்ணன்குட்டி என்ற போலீஸ்காரனின் காலை முறித்தது. அவன் சாலையின் இடது ஓரத்தில் கைகாட்டி நின்றான். சுந்தரதாஸ் ஸ்டியரிங் வளையத்தை வலப்பக்கம் ஒடித்தான். கார் இடப்பக்கம் போனது. இதைச் சொன்னால் எவன் நம்புவான்? வலத்தே இழுத்தால் இடத்தே போவதற்கு மாட்டுக்குப் புத்தியுண்டு, காருக்கு ஏது? அதுவும் மலையாள நாட்டிலிருந்து தமிழ்த் தாலுகாக்களைப் பிரிக்கச் சொல்லி எல்லைப் போராட்டம் கொழுந்துவிட்டு எரிகிற நேரம். ஓட்டியவன் தமிழன், முறிந்தது மலையாளத்தான் கால். கொலை முயற்சி என்று எழுதிவிட்டார்கள்; ஜாமீனில்தான் வெளியே வந்திருந்தான். அடிபட்டவனைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஓடிய இடைவெளியில் கார் முதலாளி ராபின்சனின் ஆட்கள் மூட்டைகளை மாயமாக்கியிருந்தார்கள். மேலே மரச்சீனி, அடியில் அரிசி. தாலுகா விட்டுத் தாலுகா அரிசி கொண்டுபோகக் கூடாத காலம் அது. அதனால் வண்டியைச் சோதித்த அதிகாரி வெறும் வண்டியைத்தான் ஓட்டினார். நூல் பிடித்தாற்போல் ஓடியது. குறை ஒன்றுமில்லை என்று கையெழுத்தும் போட்டார்.

வெறும் வண்டி ஓடாமல் என்ன செய்யும்? வெறும் வயிற்றோடு நடப்பவன் நேராகத்தான் நடப்பான், அரைக்கோட்டை நெல்லைத் தலையில் வைத்தால்தானே கால் தள்ளாடுவது தெரியும். இதை ஸ்டேஷனில் சொன்னதற்குத்தான் கன்னத்தில் அறை விழுந்தது. அந்த அறையைவிட, ஊரில் சிலர் தோளில் தட்டி, "செய்ததுதான் செய்த, தலையில ஏத்தியிருக்கக் கூடாதா" என்று சிரித்தது அவனுக்கு அதிகமாக எரிந்தது. இரண்டு கூட்டத்துக்கும் அவன் வேண்டுமென்றே இடித்திருக்க வேண்டும். அவன் கை என்ன செய்தது என்று ஒருத்தனுக்கும் கவலையில்லை.

கழுவித் தரச் சொல்லி முதலாளி நேற்று காரை இங்கே விட்டுப் போனது நல்லதாயிற்று. விடிந்ததிலிருந்து வீட்டுக்கும் குளத்துக்கும் நடுவிலிருந்த மண்பாதையில் ஓட்டிக்கொண்டிருந்தான். நாலு மூட்டைவரை வண்டி சொன்னபடி கேட்டது. ஐந்தில் பின்பக்கம் லேசாக ஆடியது. ஆறில் ஆட்டம் கூடியது. ஏழாவது மூட்டையோடு வலப்பக்கம் ஒடித்ததும் இடது பின்பக்கம் தொப்பென்று அமர்ந்தது. தகரத்தில் ரப்பர் உரசுகிற நாராசம் கேட்டது. வண்டி அவன் கையைப் பிடுங்கிக்கொண்டு இடப்பக்கம் இழுத்தது. பிரேக்கில் ஏறி நின்றான்.

அடியில் ஊர்ந்து பார்த்தான். இடது மட்கார்டின் உட்புறம் டயர் தேய்த்த கறுப்பு மையாய் அப்பியிருந்தது. வலப்பக்கம் ஸ்பிரிங் பட்டைக்கும் சட்டத்துக்கும் இடையில் ஒரு பனங்கட்டை, கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தது. இடப்பக்கம் கட்டையைக் காணோம். அறுந்த கம்பி மட்டும் தொங்கியது. தாங்கக் கட்டையில்லாத அந்தப் பக்கம் பாரத்தில் அமுங்கி, டயர் தகரத்தில் மாட்டிக்கொள்கிறது. வலப்பக்கத்துக் கட்டையைத் தொடாமல், அறுந்த கம்பியை மட்டும் உருவிக்கொண்டு வெளியே வந்தான்.

மத்தியானம் ராபின்சன் முதலாளி கதர்ச் சட்டை கசங்காமல் வந்தார். போராட்டத்துக்குக் கொடியும் மைக்கும் வாங்கிக்கொடுப்பவர் அவர்தான்.

"மக்கா, நாளைக்கு ஒண்ணே ஒண்ணு சொன்னாப் போரும். தமிழனுக்க மண்ணுக்காக வேணும்னேதான் ஒடிச்சேன்னு சொல்லு. கொஞ்ச நாளு உள்ள கெடப்ப. வெளிய வரும்போ ஊரே மாலையோட நிக்கும்."

சுந்தரதாஸ் கம்பியை நீட்டினான். "இது என்னவாக்கும்?"

முதலாளி முகம் மாறவில்லை. "எல்லாவனும் வைக்கியதுதான். பாரத்துல வண்டி தாழ்ந்தா உள்ள அரிசி உண்டுன்னு போலீஸுக்குத் தெரிஞ்சிராதா? கட்ட வச்சா பொங்கி நிக்கும்."

"எனக்கிட்ட ஏன் சொல்லல்ல?"

"சொன்னா நீ பயந்து பயந்து ஓட்டுவ."

நாலு மாதமாக அந்த வண்டி பாரத்துக்குத் தாழாமல் நின்றதைச் சுந்தரதாஸும் பார்த்தவன்தான். நல்ல வண்டி என்று நினைத்த தன் மடத்தனத்தின் மேலும் ஆத்திரம் வந்தது.

"இதக் கோர்ட்டுல சொன்னா அரிசி வெளிய வரும். ரெண்டு பேரும் கள்ளனாவோம். போராட்டத்துக்கும் நாத்தம்," என்றார் முதலாளி. "கள்ளன்னு போறதுக்கு வீரன்னு போ."

"அவரு கள்ளனுமில்ல, வீரனுமில்ல. டிரைவராக்கும்," என்றாள் லீலாபாய்.

சுந்தரதாஸ் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தான். "ஏறும்."

"எதுக்குலே?"

"நீரும் வண்டி ஓட்டியவருதானே. வேகமா விட்டு, அந்தக் குளத்துப் பக்கம் வலத்தே ஒடியும். நான் மூட்டை மேல இருக்கேன். உயிரு போனா ரெண்டு பேருக்கும் சேத்துப் போவட்டு."

மறுத்தால் பயந்தவனாகிவிடுவோம் என்று நினைத்தாரோ என்னவோ, முதலாளி சிரித்துக்கொண்டே ஏறினார். இறக்கத்தில் வண்டி வேகம் பிடித்தது. குளத்தங்கரையில் அவர் வலப்பக்கம் ஒடித்தார். தொப்பென்று இடப்பக்கம் அமர்ந்தது. தகரம் கிரீச்சிட்டது. "கர்த்தாவே" என்று முதலாளி அலறியபோது கார் இடப்பக்கத்து வாழைத்தோட்டத்தில் புகுந்து, குலைதள்ளிய இரண்டு வாழைகளைச் சாய்த்துவிட்டு நின்றது.

மூட்டைகளுக்கு இடையிலிருந்து சுந்தரதாஸ் முன்னால் எம்பினான். நெற்றியில் ரத்தம் கசிந்தது.

"இப்பச் சொல்லும் மொதலாளி. நீரு ஆரக் கொல்லப் பாத்தீரு?"

லீலாபாய் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாதை நெடுக ஓடிவந்தாள். அவள் புருஷனைப் பார்க்கவில்லை. ஜன்னலில் குனிந்து முதலாளியின் கைகளைத்தான் பார்த்தாள். வாழைச்சாறு வடிகிற கண்ணாடிக்குப் பின்னால், வளையத்தை வலது கோடிவரை முறுக்கிப் பிடித்தபடி அவை அப்படியே இறுகிக் கிடந்தன.