பதினாலாம் பக்கத்துத் தாப்பே

ஆசிரியர் அறையில் அட்டைப்பெட்டியைப் பிரித்து மேலாகக் கிடந்த புதுப் பாடப்புத்தகத்தை எடுத்த இமாஸ், அட்டையில் தன் பெயர் எப்படி வந்திருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை. நேராகப் பதினாலாம் பக்கத்துக்குப் போனாள். படித்தாள். மறுபடியும் படித்தாள். பக்கத்து மேசையிலிருந்து யாரோ டீ வேண்டுமா என்று கேட்டது காதில் விழுந்தது. வாயைத் திறந்தால் வேறு ஏதாவது வந்துவிடும் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

இடது பத்தியில், ஒட்டரிசிச் சோற்றில் ஈஸ்ட் போட்டு நொதிக்க வைக்கும் தாப்பே என்ற இனிப்பைப் பற்றிய ஊர் நம்பிக்கை, அவள் எழுதிக் கொடுத்தபடியே: 'தீட்டு நாளில் பெண் தொட்டால் தாப்பேயில் சிவப்புப் புள்ளி விழும்.' வலது பத்தியில் இருந்தது அவள் எழுதியது அல்ல. 'அந்நாள்களில் பெண்ணின் உடல் வெப்பம் கூடுகிறது, கை வியர்வையில் உப்பு மிகுகிறது, ஆகவே ஈஸ்ட் செயலிழக்கிறது. நம் முன்னோர் இதை அன்றே அறிந்திருந்தனர்.' எவன் அளந்தான் உப்பை? எந்தப் பெண்ணின் கையை நக்கிப் பார்த்தான்? பக்கத்தின் அடியில், எல்லாப் பக்கங்களிலும் போலவே, சின்ன எழுத்தில் 'இமாஸ் குரேசின்' என்று இருந்தது. அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த இடத்தில் அவள் எழுதியிருந்தது இரண்டே சொல்: 'செய்து பார்.'

போன மழைக்காலத்தில், சிரெபோன் பல்கலைக்கழகத்தில், நூலைச் சரிபார்க்கும் கூட்டத்திலேயே அந்த இரண்டு சொல்லில்தான் சண்டை. நூலின் தலைமைப் பதிப்பாசிரியர் டாக்டர் விரஹாதி நல்ல மனிதர் மாதிரிதான் பேசுவார். குரலை உயர்த்த மாட்டார். அவளை மரியாதையாக 'இபு', அம்மா, என்பார்; அவளும் 'பாக்', ஐயா, என்பாள். மலைமேல் இருக்கும் தன் ஊர் குனிங்கானிலிருந்து அவள் கொண்டுபோன தாப்பே வாளி மேசை நடுவே இருந்தது. ஜம்பு இலை மடிப்பை ஒவ்வொன்றாகப் பிரித்து, பச்சை நிறத்தில் சாறு சொட்டும் ஒட்டரிசியை ரசித்துத் தின்றபடியே அவளுடைய பக்கங்களைப் புரட்டினார்.

"இபு இமாஸ், இடப்பக்கம் மக்கள் நம்பிக்கை, வலப்பக்கம் அறிவியல் விளக்கம். வலப்பக்கம் காலியா இருக்கக் கூடாது. 'செய்து பார்'ங்கறது விளக்கமா?"

"எனக்கு விளக்கம் தெரியலியே, பாக். பிள்ளைங்க செஞ்சு பாத்தாங்க, அப்படி ஒண்ணும் ஆகல. அட்டையில தேடிக் கற்றல்னு போட்டிருக்கோம். தேடட்டுமே."

"தேடட்டும். யார் வேண்டாம்னா? ஆனா தேடினா நம்ம பெரியவங்க சொன்னது சரின்னு கிடைக்கணும். இல்லன்னா அப்புறம் எதுக்கு மண்ணின் ஞானம்னு பேர் வைக்கறோம்?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். இமாஸ் விடவில்லை. பிடிக்கவில்லை என்றால் பக்கத்தையே எடுத்துவிடுங்கள், மாற்ற மட்டும் மாற்றாதீர்கள் என்று கேட்டாள். அவர் விரலைத் துடைத்துக்கொண்டு, வலது கட்டைவிரலைப் பணிவாக நீட்டி, "மங்கா, இபு" என்றார். சுண்டா மக்களுக்கு எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்தான். ஆகட்டும் என்றாலும் மங்கா, சாப்பிடுங்கள் என்றாலும் மங்கா, போதும் எழுந்து போங்கள் என்றாலும் மங்கா. பிறந்ததிலிருந்து அந்தச் சொல்லோடு வாழ்கிறவள், அன்றைக்கு அதை 'ஆகட்டும்' என்று எடுத்துக்கொண்டு நிம்மதியாக மினிபஸ் ஏறினாள். மடச்சி என்று இப்போது தன்னையே திட்டிக்கொண்டாள்.

புத்தகம் எப்படியோ போகட்டும், தன் வகுப்புப் பெண் நைனிங்குக்கு என்ன பதில் சொல்வது?

நைனிங்கின் வீட்டில் தாப்பேதான் பிழைப்பு. போன வருஷம் பெருநாள் சமயத்தில் பத்து வாளித் தாப்பேயில் சிவப்புப் புள்ளி விழுந்து, அத்தனையும் மீன் குட்டைக்குப் போயிற்று. வாளியை ஒழுங்காகக் காய வைத்தார்களா, இலையில் ஈரம் இருந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த வாரம்தான் பெண் வயதுக்கு வந்திருந்தாள். அப்பாவின் அக்கா, அந்த வீட்டில் வைத்ததே சட்டமாக இருக்கிற பெரியத்தை, ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொன்னாள். அன்றிலிருந்து மாதம் முழுக்க நைனிங் தாப்பே போடும் கொட்டகைக்குள் கால் வைக்கக் கூடாது. எந்த நாள் என்று யார் கணக்கு வைப்பது, மொத்தமாகவே வேண்டாம் என்று பின்பக்கம் இலை கழுவ விட்டுவிட்டார்கள். உள்ளே எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து மடித்துக்கொண்டு, பாடிக்கொண்டும் வம்பு பேசிக்கொண்டும் இருப்பார்கள். வெளியே இவள் தனியாக. அத்தை பிள்ளைகள் இவளை 'சிவப்புப் புள்ளி' என்றே கூப்பிட்டார்கள்.

வகுப்பில் தாப்பே போடும் பாடம் வந்தபோது, நைனிங் ஈஸ்ட் வில்லையைத் தொடமாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அப்போதுதான் இமாஸுக்கு அந்தப் பக்கம் தோன்றியது. ஒரே அடுப்பில் வெந்த அரிசி, ஆளுக்கொரு டப்பா. எல்லோரும் கை கழுவ வேண்டும். யாருக்கு எந்த நாள் என்று யாரும் சொல்ல வேண்டாம், மூடியில் அவரவர்க்கு மட்டும் தெரிகிற மாதிரி நூல் முடிச்சுப் போட்டால் போதும். மூன்று நாள் கழித்துத் திறந்தபோது எல்லாம் இனித்தது, ஒன்றைத் தவிர. புளித்து, மூக்கைச் சுளிக்க வைத்த அந்த டப்பா இமாஸுடையது. ஆசிரியர் கூட்டத்துக்கு ஓடும் அவசரத்தில் ஆறாத சோற்றிலேயே வில்லையைப் பொடித்துப் போட்டிருந்தாள்.

"இபுவுக்கு அன்னைக்குத் தீட்டா?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"எனக்கு அதெல்லாம் நின்னு ஆறு வருஷம் ஆச்சுடி."

வகுப்பே உருண்டு சிரித்தது. நைனிங்கும் சிரித்தாள். அவள் சிரித்து இமாஸ் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அன்று சாயங்காலம் நைனிங்கின் அம்மா ரொகாயா பள்ளி வாசலில் காத்திருந்தாள். "வாயால சொன்னா எங்க வீட்டுல எடுபடாதுங்க இபு. நாத்தனார் என்னையே ஏறிட்டுப் பாக்க விடமாட்டாங்க. புஸ்தகத்துல வந்துட்டா காட்டிப் பேசலாம். வருமா?" என்றாள். வரும் என்று இமாஸ் வாக்குக் கொடுத்திருந்தாள்.

இதோ, வந்துவிட்டது.

தலைமையாசிரியர் அறைக்குப் போய்ப் புத்தகத்தை மேசையில் போட்டாள். "இதை நான் கொடுக்க மாட்டேன், பாக்."

"மாவட்டம் பூரா போயாச்சு, இபு. ஒரு பக்கம்தானே. யார் படிக்கப் போறாங்க?"

யார் படிக்கப் போகிறார்கள் என்பது மறுநாளே தெரிந்தது. பக்கத்துப் பள்ளியில் படிக்கும் அத்தை மகன் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தான். பெரியத்தைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். கொட்டகையில் எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்திருக்கிறாள், கடைசியில் இருந்த பெயரையும் சேர்த்து. மதிய இடைவேளையில் நைனிங் வந்து மேசைக்கு எதிரே நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை.

"இது உங்க பேருதானே, இபு?"

"பேரு என்னுது. எழுதினது நான் இல்ல."

"அப்படின்னு எங்க வீட்டுல போய்ச் சொல்லட்டுமா?"

இமாஸ் பெட்டியோடு புத்தகங்களைத் தூக்கிக்கொண்டாள். அந்தக் கோபத்தோடே வகுப்புக்குப் போனாள். புத்தகத்தை எல்லோருக்கும் கொடுத்தாள். "பதினாலாம் பக்கம், வலது பத்தி. ஒருத்தர் ஒண்ணு சொல்லியிருக்கார். புஸ்தகத்துல இருக்குங்கறதுக்காக நம்பணும்னு இல்ல. நான் சொல்றேன்னும் நம்ப வேண்டாம். என்ன செய்யணும்னு உங்களுக்குத் தெரியும்" என்றாள். பிள்ளைகள் பக்கத்தைப் புரட்டினார்கள்.

அடுத்த வாரம் முழுக்கப் பெண்பிள்ளைகள் என்னவோ குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். மதியத் தொழுகை நேரத்தில், தொழுகைக்குப் போகாமல் வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் மட்டும் சமையல் கூடத்துப் பக்கம் போவதும் வருவதுமாக இருந்தார்கள். போகாதவர்கள் ஏன் போகவில்லை என்று பள்ளிக்கே தெரியும். இமாஸ் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை காலை நைனிங் ஒரு சின்னக் கறுப்பு வாளியை அவள் மேசையில் வைத்தாள்.

"இதை மாத்தி எழுதினவருக்குத் தாப்பே பிடிக்கும்னு சொன்னீங்கல்ல. குடுத்துட்டு வாங்க."

உள்ளே ஜம்பு இலை மடிப்புகள். ஒவ்வொரு மடிப்பையும் சுற்றி இன்னொரு உறை, காகிதத்தில்.

"புஸ்தகத்தைக் கிழிச்சீங்களாடி?"

"ஒரு பக்கம்தானே, இபு."

இமாஸ் அன்றைக்கு அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுச் சிரெபோன் மினிபஸ் ஏறினாள். வாளியை மடியிலேயே வைத்துக்கொண்டாள். மலை இறங்கும் வழியெல்லாம், என்னென்ன பேசுவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள். பேச்சு ஒவ்வொன்றும் கத்தலில் போய் முடிந்தது.

டாக்டர் விரஹாதி எழுந்து நின்று வரவேற்றார். புத்தகம் அமைச்சகம் வரை பாராட்டுப் பெற்றதாகச் சொன்னார். வாளியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பேசிக்கொண்டே ஒரு மடிப்பை எடுத்து, காகிதத்தை உருவிக் கவனிக்காமல் ஓரமாக வைத்துவிட்டு, இலையைப் பிரித்து வாயில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆகா. இது உங்க ஊர்ல மட்டும்தான் இபு. என்ன இனிப்பு. யார் கைப்பக்குவம்?"

ஒத்திகை பார்த்த பேச்செல்லாம் இமாஸுக்கு மறந்துபோயிற்று. இரண்டாவது மடிப்பை அவளே எடுத்து, இரண்டு கையாலும் அவர் பக்கம் நீட்டினாள். வாங்கிக்கொண்டவர் இந்தத் தடவை காகிதத்தைப் பார்த்தார். சாறு ஊறிப் பச்சையாகியிருந்த தாளில் வலது பத்தி முழுக்கப் பேனாவால் குறுக்கே கோடு. அதன்மேல் ஆறேழு கையெழுத்துகளில், கோணலும் மாணலுமாக, ஒரே வாசகம்: 'செய்து பார்த்தோம். தீட்டு நாளில்.'

அவர் வாயில் முதல் மடிப்பு இன்னும் பாதி இருந்தது. மெல்லுவது நின்றது. முழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. கையிலிருந்த மடிப்பிலிருந்து சாறு கசிந்து, மணிக்கட்டில் இறங்கி, வெள்ளைச் சட்டையின் கைமடிப்பை நோக்கி வழிந்தது.

இமாஸ் வலது கட்டைவிரலைப் பணிவாக நீட்டினாள்.

"மங்கா, பாக்."