ஏழு மணி முப்பத்தொரு நிமிடம்

ஸ்வீடன் ராணுவத்தில் பதினெட்டு வருடம் இருந்துவிட்டு ஜனவரியில் வீட்டோடு வந்து சேர்ந்த சிக்ஸ்டனுக்கு, மார்ச் மாதத்துக்குள் ஒன்று தெளிவாகிவிட்டது. அந்த வீடு அவன் இல்லாமலே பழகிப்போயிருந்தது. கழுவிய கிண்ணத்தை எங்கே வைப்பது என்று கேட்டால்கூட, "அங்கயே வச்சிடு, நான் பாத்துக்கறேன்" என்பாள் மைக்கென். அவன் மனைவி. விடியுமுன்பே பேருந்து ஓட்டப் போய்விடுவாள்.

அவள் அவனிடம் விட்ட ஒரே வேலை துணி துவைப்பது. இருபத்திரண்டு வீடுகளுக்கும் சேர்த்துக் கட்டடத்தின் அடித்தளத்தில் ஒரு சலவை அறை. சுவரில் கிழமையும் நேரமும் போட்ட ஒரு பலகை. வீட்டு எண் பொறித்த சின்னப் பூட்டை எந்தக் கட்டத்தில் மாட்டுகிறோமோ, அந்த நேரம் நம்முடையது. அவர்கள் பூட்டில் பதினாலு.

பூட்டைக் கொடுக்கும்போதே மைக்கென் சொன்னாள்: "பதினோரு வருஷமா நம்ம மேல புகார் சொல்லி அந்தச் சுவத்துல ஒரு சீட்டு ஒட்டினதில்ல. ஒட்ட வச்சே, பூட்டு என் கைக்கு வந்துடும், சார்ஜென்ட்."

அவனுக்கு அந்த அறை பிடித்துப்போனது. யாரிடமும் சொல்லவில்லை. உலர்த்தும் இயந்திரத்திலிருந்து துண்டுகளைச் சூட்டோடு எடுத்து மார்போடு அணைத்துக்கொள்வான். வடிகட்டியில் படிந்த பஞ்சை விரலால் சுருட்டினால் கம்பளம் மாதிரி ஒரே துண்டாக வரும். அழுக்காக உள்ளே போனது சுத்தமாக வெளியே வந்தது. அதற்காக யாரும் சாகவில்லை. வந்து சோதித்துப் பார்க்கும் அதிகாரியும் இல்லை. அந்த வேலையும் போனால் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அவன் நேரம் வியாழக்கிழமை பத்து மணி. அந்த வியாழன் பொறுக்காமல் ஏழுக்கே இறங்கிவிட்டான். ஏழு மணிக் கட்டத்தில் ஒன்பதாம் எண் பூட்டு தொங்கியது. ஆளைக் காணோம். அரை மணி நேரத்தில் ஆரம்பிக்காவிட்டால் யார் வேண்டுமானாலும் துவைக்கலாம் என்று விதி சுவரிலேயே இருந்தது. கடிகாரத்துக்கு நேரே நின்றான். ஏழு முப்பத்தொன்றுக்கு இரண்டு இயந்திரத்தையும் ஓடவிட்டான்.

ஏழு முப்பத்துநாலுக்குக் கதவு திறந்தது. ஒன்பதாம் எண் சோல்வெய். கப்பலில் சமைத்து ஓய்வுபெற்றவள். கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒரு காலை இழுத்து இழுத்து வந்தாள்.

"ஏம்ப்பா, மூணு நிமிஷம்."

"நாலு. விதி அங்க இருக்கு."

"என் முட்டி இங்க இருக்கு. லிஃப்ட் ஓடல. நாலு மாடி இறங்கி வரேன்." கூடையை வைத்துவிட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். "சரி. விதிப்படியே நானும் ஒரு சீட்டு எழுதறேன்."

சிக்ஸ்டன் இயந்திரத்தின் கதவை இழுத்துப் பார்த்தான். தண்ணீர் ஏறியாகிவிட்டது, அது திறக்கவில்லை.

"சீட்டு வேணாம், சோல்வெய்."

"ஏன், குண்டுக்கே பயப்படாத ஆளாச்சே?"

"மைக்கென் பூட்டைப் பிடுங்கிடுவா."

சோல்வெய் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "துணி துவைக்க அவ விடமாட்டான்னா உனக்கு அழுகை வருது?"

அவன் மறுபடி அந்தக் கதவை இழுத்துப் பார்த்தான். அவள் பேனா பைக்குள் போனது.

"உன் பத்து மணியை எனக்குக் கொடு. படுக்கை விரிப்பு இழுக்க ஆளும் வேணும். துணி காஞ்சதும் வந்துடு."

உலர்ந்த விரிப்பை இரண்டு பேர் எதிரெதிரே நின்று மூலைகளைப் பிடித்து இழுத்தால்தான் சுருக்கம் போகும். பிறகு துணியை அழுத்தித் தேய்க்கும் உருளையில் கொடுக்கலாம். பிற்பகலில் சிக்ஸ்டன் இழுத்த முதல் இழுப்பில் சோல்வெய் சுவரில் போய் மோதிக்கொண்டாள்.

"அட கிராதகா! ஜீப்பையா இழுக்கறே? என் கையைப் பாரு."

ஆறாவது விரிப்பில் அவனுக்குக் கை வந்தது. இழு, விடு, மறுபடி இழு. துணி படபடவென்று அடித்து நிமிர்ந்தது. ஒன்பது விரிப்பு முடிந்ததும் அவனுக்கு இன்னும் இரண்டு இருக்கக் கூடாதா என்றிருந்தது.

மாலை மைக்கென் வந்தபோது அவள் கையில் ஒரு தாள்.

"சுவத்துல ஒட்டியிருந்தது." நிதானமாகப் படித்தாள். "'பதினாலாம் எண் சிப்பாய்க்கு: வடிகட்டியில் ஒரு இழை பஞ்சு இல்லை. இந்தக் கட்டடத்தில் எவனும் இப்படி விட்டுப் போனதில்லை. அடுத்த வியாழன் எட்டு விரிப்பு.'"

சிக்ஸ்டன் மூச்சுவிட்டான். அவள் கையை நீட்டினாள்.

"சீட்டு சீட்டுதான். பூட்டை எடு."

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அவள் அதைப் பார்த்தாள். அவன் முகத்தையும் பார்த்தாள். படுக்கையறைக்குப் போய்க் கட்டிலிலிருந்து விரிப்பை உருவிக்கொண்டு வந்தாள்.

"ஒன்பதாம் எண்ணுக்கு ஒன்பது இழுத்தியாமே, சோல்வெய் சொன்னா. நமக்கு ஒண்ணுகூட இல்லையா?"

கூடத்தில் எதிரெதிரே நின்றார்கள். அவன் அளவாக இழுத்தான். அவள் சிரித்துக்கொண்டே சட்டென்று கையை விட்டாள். செருப்பு அலமாரிமேல் மல்லாந்து விழுந்தவன் மடியில் அவள் வீசிய பூட்டு வந்து விழுந்தது.

"எழுந்திரு," என்றாள். "கழுவின அந்தக் கிண்ணத்தையும் எடுத்து வை. மேல் தட்டு, இடது பக்கம்."