வெள்ளைப் பூ வந்தால்

"முந்தானையை இழுத்து விடு" என்ற மூன்று சொல்லை வசந்தாமணி தன் முப்பத்தைந்து வயதுக்குள் எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பாள் என்று யாரும் எண்ணவில்லை. பன்னிரண்டு வயதில் அம்மா ஆரம்பித்து வைத்தாள். கல்யாணமானதும் மாமியார் சென்னியம்மாள் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டாள். களை எடுக்கும்போதும் சொல்வாள், சோறு போடும்போதும் சொல்வாள், ஆளே இல்லாத காட்டில் எருமைக்குத் தண்ணீர் காட்டும்போதும் சொல்வாள். எருமை பார்த்தால் என்ன குடி முழுகிவிடும் என்று வசந்தாமணி ஒருநாளும் கேட்டதில்லை. இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே தோள் இரண்டும் முன்னால் வளைந்துபோனதுதான் மிச்சம்.

முந்தானை மறைக்குமே தவிர பாரத்தைக் குறைக்குமா? பாடியின் பட்டை இரண்டு தோளிலும் விரல் புதைகிற அளவுக்குப் பள்ளம் போட்டிருந்தது. சித்திரை வந்தால் மார்புக்கு அடியில் வேர்த்து, வெந்து, தோல் உரிந்து போகும். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். தையல்கார மணியன் வேறு, இவள் தலையைக் கண்டதுமே, "துணி கால் மீட்டர் சேத்தி எடுத்துக்கங்க அக்கா" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வான். அவன் நாக்கு அழுகிப்போகட்டும் என்று மனசுக்குள் வைதுகொண்டே துணியை எடுத்துக் கொடுப்பாள்.

எண்பத்து மூன்றாம் வருஷம், கழுத்துவலி கை வழியாக இறங்கிப் பால் கறக்கும்போது விரல் மரத்துப்போக ஆரம்பித்தது. திருச்செங்கோட்டு மாத்திரை கேட்கவில்லை. சேலத்துக்குப் போனாள். டாக்டர் கழுத்தைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். மருந்துச் சீட்டோடு வெளியே வந்தவளை நர்ஸ் ரோசி ஓரமாகக் கூப்பிட்டாள். ரோசி செவ்வாய்ப்பேட்டைக்காரி. பேச்சில் சுற்றி வளைப்பது கிடையாது.

"கழுத்துல ஒண்ணும் இல்லம்மா. கழுத்து எதைச் சுமந்துட்டு நிக்குதோ அதுலதான் இருக்கு. அதைக் குறைக்க ஆபரேஷன் இருக்கு, தெரியுமா?"

வசந்தாமணிக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கண்ணில் தண்ணீர் வந்தது. அதற்குப் பிறகு வந்தது ஆத்திரம். இப்படி ஒன்று இருப்பதை இத்தனை வருஷமாக ஒருத்தர்கூட வாயைத் திறந்து சொல்லவில்லையே!

மாதம் ஒருமுறை மெட்ராசிலிருந்து வந்துபோகும் ஆபரேஷன் டாக்டரை ரோசியே காட்டிவிட்டாள். அவர் எதையும் மூடி மறைக்கவில்லை. தழும்பு இருக்கும், தொட்டால் தெரிகிற உணர்ச்சி கொஞ்சம் குறையலாம், இனிமேல் குழந்தை பிறந்தால் பால் கொடுக்க முடியாமல் போகலாம் என்றார்.

"ரெண்டு பசங்க இருக்கறாங்க. பால் மறந்து எட்டு வருசம் ஆச்சுங்க. குடுத்த வரைக்கும் போதுமுங்க" என்றாள் வசந்தாமணி.

ஆவணி முதல் திங்கட்கிழமை மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் வந்து சேரச் சொன்னார். ரோசி ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள். ரத்தம் குறைவாக இருப்பதால் இரண்டு மாதம் இரும்புச்சத்து டானிக். முன்பக்கம் கொக்கி வைத்த தொளதொள ஜாக்கெட் இரண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு வாரம் கையைத் தலைக்கு மேலே தூக்கக்கூடாது, குடம் தூக்கக்கூடாது. கூடவே இருக்க ஒரு பெண்பிள்ளை கட்டாயம் வேண்டும்.

"ஊட்டுக்காரரு கையெழுத்து வேணுங்களா?"

"முப்பத்தஞ்சு வயசு ஆச்சில்ல? உன் ஒடம்புக்கு உன் கையெழுத்தே போதும்."

அந்த ஒரு வாக்கியத்தை வசந்தாமணி ஊர் வந்து சேரும்வரை பஸ்ஸில் மென்றுகொண்டே வந்தாள்.

வீட்டில் சென்னியம்மாள் குதித்தாள். "எந்த ஊர்லடி இந்த அநியாயம்? சாமி குடுத்ததை அறுத்துப்போட்டு வரப் போறயா? எனக்குப் புடிக்கல. இன்னைக்கும் புடிக்கல, நாளைக்கும் புடிக்காது." சொன்னது போலவே மறுநாளும் சொன்னாள். தினமும் விடிந்ததும் பல் துலக்குகிற மாதிரி இதையும் ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் மற்ற வேலை.

புருஷன் வேலுமணிக்கு ஆழ்துளைக் கிணறு போடும் போர் லாரியில் வேலை. மாதக்கணக்கில் ஆந்திரா பக்கம் போய்த் துளை போட்டுவிட்டு வருகிறவன். அவன் சத்தமே போடவில்லை. "உன்ற இஷ்டம் புள்ள. நான் குறுக்க நிக்க மாட்டேன்" என்றான். இப்படி ஒரு புருஷன் கிடைக்க என்ன புண்ணியம் செய்தேனோ என்று அவள் உருகிப்போனாள். பாவம்.

இரண்டு மாதம் தயாரானாள் பாருங்கள், அப்படித் தயாரானாள். டானிக்கால் பல் கறுத்துப்போனதைப் பற்றிக் கவலைப்படவில்லை. முருங்கைக் கீரை தின்று தின்று அந்த மரத்தையே மொட்டையாக்கினாள். எருமையைக் கறக்கப் பக்கத்துக் காட்டு ராசாத்தியிடம் சொல்லிவைத்தாள். மிளகாய்த்தூள், மல்லித்தூள், பருப்புப்பொடி எல்லாம் ஆறு வாரத்துக்கு இடித்து டப்பாவில் அடைத்தாள். கையைத் தூக்காமல் தலை சீவ முடிகிறதா என்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பழகினாள். மணியன் கடைப்பக்கம் தலைவைத்துப் படுக்காமல் ஜாக்கெட் இரண்டையும் கையாலேயே தைத்தாள். இனி வரப்போகிற அளவு அவளுக்குத் தெரியாது. குத்துமதிப்பாக வெட்டினாள். அவள் வாழ்க்கையில் துணி மிச்சமானது அதுதான் முதல் தடவை. மிச்சத் துண்டையும் தூக்கிப் போடாமல் ஜாக்கெட்டோடு பெட்டியில் வைத்துக்கொண்டாள்.

பயமும் இருந்தது. மயக்க மருந்தில் போனவர்கள் கதையை ஊரில் யாராவது ஒருத்தர் வலிய வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். குளிக்கும்போது குனிந்து தன்னைப் பார்த்துக்கொள்வாள். "உங்க மேல எனக்குக் கோவமில்ல. ரெண்டு உசுரை வளத்தீங்க. ஆனா இதுக்கு மேல என்னால சுமக்க முடியாது" என்று நேராகவே சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு மனசு லேசானது.

கூட வர மட்டும் ஆள் கிடைக்கவில்லை. அம்மா செத்துப் பல வருஷம் ஆயிற்று. சின்னம்மா விஷயத்தைக் கேட்டதும் வாயில் கை வைத்துக்கொண்டு, முழங்கால் வலி என்று சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரி வாசலில் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று வசந்தாமணி துணிந்துவிட்டாள்.

புறப்படுவதற்குப் பத்து நாள் இருக்கும்போது சென்னியம்மாள் கடைசி ஆயுதத்தை எடுத்தாள். "அம்மங்கிட்டப் பூக் கேக்கலாம்."

அந்தப் பக்கத்தில் கிணறு வெட்டுவதும் பெண் கொடுப்பதும் பூக் கேட்காமல் நடக்காது. வெள்ளை அரளி ஒன்று, செவ்வரளி ஒன்று, தனித்தனியாக இலையில் மடித்து ஒரே மாதிரி கட்டி அம்மன் காலடியில் போடுவார்கள். பூசை செய்யும் பண்டாரம் ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. எடுக்காத பொட்டணத்தை யாரும் பிரிக்க மாட்டார்கள். அப்படியே மரத்தடியில் போட்டுவிடுவதுதான் வழக்கம்.

வசந்தாமணி அம்மனை நம்புகிறவள். அவள் கல்யாணமே வெள்ளைப் பூ வந்துதான் நடந்தது. "சரிங்க அத்தை. வெள்ளை வந்தா யாரும் பேசக் கூடாது. செகப்பு வந்தா நான் வாயத் தெறக்க மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்தாள்.

"பூவை நானே பறிச்சுக் கட்டிக்கிட்டு வாரேன்" என்றான் வேலுமணி.

வெள்ளிக்கிழமை காலை நான்கு பேர்தான் கோயிலில். பண்டாரம் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு ஒரு பொட்டணத்தை எடுத்துப் பிரித்தார். சிவப்பு.

சென்னியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வசந்தாமணி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். டானிக், ஜாக்கெட், இடித்து வைத்த பொடி எல்லாம் ஒரு பூவில் போயிற்று. இனிச் சாகும்வரை இதே தோள், இதே பள்ளம். வாக்குக் கொடுத்தாயிற்று, மீற முடியாது. அவள் அழக்கூட இல்லை. மிச்சமிருந்த பொட்டணத்தைப் பார்த்தபடி கையை நீட்டினாள்.

"அதை இப்படிக் குடுங்க சாமி. எனக்கு வராமப் போன வெள்ளைப் பூவை ஒருக்காப் பாத்துக்கறேன்."

"அதையெதுக்குப் பிரிக்கறே? பிரிக்கக் கூடாது, போடு!" வேலுமணி கத்தினான். இந்த இரண்டு மாதத்தில் அவன் குரல் உயர்ந்ததே அப்போதுதான்.

அதற்குள் அவளே எடுத்துப் பிரித்துவிட்டாள். அதுவும் சிவப்பு.

வசந்தாமணி திரும்பி மாமியாரைப் பார்த்தாள். சென்னியம்மாள் முகம் வெளுத்துப்போயிருந்தது. "அம்மன் மேல சத்தியமா நானில்ல. எனக்கு வேண்டாம்னா உன்ற மூஞ்சிக்கு நேராச் சொல்றவ நான்." சொல்லிவிட்டு அவளும் மகனைப் பார்த்தாள்.

வேலுமணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேண்டாம்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு வாயில்லாம, அம்மன் வாயில கொண்டுபோய்ப் போட்டீங்களா மாமா?"

"பயமா இருந்துச்சு புள்ள..."

"பயமா? வெக்கமா?"

அவன் கோயில் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வசந்தாமணி எழுந்தாள். இரண்டு செவ்வரளியையும் எடுத்துத் தலையில் செருகிக்கொண்டாள். சாமிக்குப் போடுகிற பூவைத் தலையில் வைப்பதா என்று பண்டாரம் பதறினார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"பயமா இருந்தா எங்கூட வாங்க. வெக்கமா இருந்தா ஊட்டுலயே இருங்க. நான் ஞாயித்துக்கெழமை காலைல மொத பஸ்சுல சேலம் போயி, அங்கிருந்து மெட்ராஸ் போறேன்."

ஞாயிற்றுக்கிழமை அவள் பெட்டியை வேலுமணிதான் பஸ் நிறுத்தம்வரை தூக்கி வந்தான். பஸ்ஸில் ஏறி மேலே வைத்தும் கொடுத்தான். வைத்துவிட்டு இறங்கிக்கொண்டான். கையில் வேறு பை இல்லை. வெட்கம்தான் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. நெஞ்சு வலித்தது. வலித்தாலும் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

கண்டக்டர் விசில் ஊதப்போன நேரத்தில், ஒரு கையில் கூஜாவும் இன்னொரு கையில் துணி மூட்டையுமாக யாரோ முண்டிக்கொண்டு ஏறினார்கள். சென்னியம்மாள்! வந்து பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"பொம்பளை தொணையில்லாமச் சேத்திக்க மாட்டாங்களாமே."

"ஆமாங்க அத்தை."

"எனக்கு இன்னும் புடிக்கலதான். சாமி பேரைச் சொல்லி ஏமாத்துனது அதைவிடப் புடிக்கல" என்றாள் சென்னியம்மாள். பிறகு முன்னால் குனிந்து, "சேலம் ரெண்டு" என்று கண்டக்டரிடம் சொன்னாள்.

பஸ் நகர்ந்தது. காற்றில் வசந்தாமணியின் முந்தானை தோளிலிருந்து நழுவியது. பதினேழு வருஷப் பழக்கம், சென்னியம்மாளின் கை தானாக நீண்டது.

"விடுங்க அத்தை" என்றாள் வசந்தாமணி.

கிழவி மருமகளின் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு கையை எடுத்துக் கூஜாவின் மேல் வைத்துக்கொண்டாள்.

வசந்தாமணி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.