ஒரே ஒரு கோட்டிங் கறுப்பு

...அன்றைக்கு மூன்று கோட்டிங் எதற்கு அடித்தாள், அதற்கு மேல் பளபளவென்று வார்னிஷ் வேறு, முகம் தெரிய வேண்டுமாம், ரேடியேட்டரைப் பார்த்து யார் பவுடர் போட்டுக்கொள்ளப் போகிறார்கள், அறிவு கெட்டவளே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்... பக்கத்தில் அண்ணன் கியரை மாற்றினான், அப்பா விட்டுப்போன பழைய கார் முனகிக்கொண்டே ஏற்றத்தில் ஏறத் தொடங்கியது. இதே ஏற்றம்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் பாதி வழியில் ஆவி கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. காற்று நுழைய வேண்டிய மெல்லிய தகடுகளின் சந்துகளையெல்லாம் பெயின்ட்டால் அடைத்துவிட்டால் தண்ணீர் எப்படி ஆறும், என்ஜின் எப்படிப் பிழைக்கும்? ஊரிலுள்ள பழைய கார்களுக்கெல்லாம் பெயின்ட் அடித்துப் பேர் வாங்கியவள் சொந்த வீட்டுக் காரைக் கொதிக்க வைத்தாள். அண்ணன் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம், அன்றைக்கே அழுது தீர்த்திருப்பாள், அதற்குப் பதிலாக அந்தப் பேச்சையே எடுக்காமல் இரண்டு வருடம்... அதைத்தான் தாங்க முடியவில்லை.

போன வாரம் அவனே ரேடியேட்டரைத் தூக்கிவந்து அவள் பட்டறை மேஜையில் வைத்தான். "நீயே அடி. ஏத்தம் ஏறிட்டா நாமளே வச்சுக்கலாம். கொதிச்சா, கேக்குற ஆளுக்குக் குடுத்துடலாம்." சொல்லிவிட்டு டீகூடக் குடிக்காமல் போய்விட்டான். குடுத்துடலாமாம்! அப்பா கையால் துடைத்துத் துடைத்து வைத்திருந்த காரை... பழைய பெயின்ட்டைக் கரைத்து எடுக்கவே இரண்டு நாள், வளைந்த தகடுகளை ஒவ்வொன்றாக நிமிர்த்த இன்னொரு நாள், பிறகு தண்ணியாகக் கலக்கி, ஸ்பிரே கன்னை நேராகப் பிடித்து, பளபளப்பில்லாத கறுப்பு ஒரே ஒரு கோட்டிங். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சந்து சந்தாகப் பார்த்தாள். எல்லாவற்றிலும் வெளிச்சம் வந்தது. சக்கரத்து பிரேக் டிரம்முக்கும் வெளிப்பக்கம் மட்டும்தான், உள்ளே பிரேக் கட்டை உரசுகிற இடத்தில் ஒரு சொட்டு படாமல் டேப் ஒட்டி... எல்லாம் சரியாகத்தானே செய்தாள்? செய்தாளா?

என்ஜின் சூட்டைக் காட்டும் மீட்டரில் ஊசி பாதியைத் தாண்டியது. ஐயோ, ஏறாதே, நில்லு, என் தங்கமே நில்லு... முன்பு நின்ற வளைவு இதோ, மூச்சைப் பிடித்துக்கொண்டாள், வளைவு பின்னால் போனது, ஊசி ஒரு மயிரிழை நடுங்கி அங்கேயே நின்றது.

"ஏன்டி, பல்லி மாதிரி அந்த மீட்டர்லயே ஒட்டிக்கிட்டு வர்ற?"

"கொதிச்சா குடுத்துடலாம்னு நீதானேண்ணா சொன்ன?"

"சொன்னேன், சொன்னேன்" என்று சிரித்தான், இரண்டு வருடத்துக்குப் பிறகு அவளிடம் சிரிக்கிற முதல் சிரிப்பு. கண்ணை அவன் ரோட்டிலிருந்து எடுக்கவில்லை. அடிவாரத்திலிருந்து இதுவரைக்கும் ஒரு தடவைகூட அந்த ஊசியை அவன் பார்க்கவில்லையே... அப்படியென்றால் வாங்குவதற்கு ஓர் ஆள் உண்மையிலேயே இருந்தானா, இல்லை அவளையே மறுபடி அடிக்க வைக்கத்தான் அப்படிச் சொன்னானா?