பூட்ஸோடு தூங்கியவர்கள்

...பூட்ஸைக் கழற்றச் சொன்னதுதான் சரி, ஆமாம், அந்த ஒரு வார்த்தையில்தானே மனிதர் வழிக்கு வந்தார், தீயணைப்பு நிலைய அதிகாரி, என்ன மிடுக்கு, என்ன மீசை, 'மேடம், நாங்க சீருடைக்காரங்க, காலைல வந்து சாயங்காலம் போற ஆபீஸ் ஆளுங்க இல்ல, உங்க வேலை நேரச் சட்டமெல்லாம் இங்க எதுக்கு' என்று சிரித்தாரே... சட்டம் உங்களுக்கும் சேர்த்துத்தான் சார், அதைப் பார்க்கத்தான் தொழிலாளர் துறையிலிருந்து என்னை அனுப்பியிருக்கிறார்கள் என்று அவள் சொன்னதும், அதனாலென்ன, எல்லாரும் ஓய்வுலதான் இருக்காங்க, நீங்களே பாருங்க என்று மாடிக்குக் கூட்டிப் போனார். கட்டில் கட்டிலாகக் கிடந்தார்கள், நேற்றே வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர்கள், முழு உடுப்போடு, காலில் பூட்ஸோடு. ஓரத்துக் கட்டிலில் அவளுடைய அண்ணன், தீயணைப்பு வண்டி ஓட்டுகிறவன், இவளைக் கண்டதும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான், கள்ளத் தூக்கம், சின்ன வயதிலிருந்தே அவனுக்கு அது நடிக்க வராது. 'அப்ப பூட்ஸைக் கழட்டச் சொல்லுங்க சார்.' 'அதெப்படி மேடம், மணி அடிச்சா?' 'மணி அடிச்சா ஓடணும்னா அது வேலை சார், ஓய்வு இல்ல. மாத்து ஆளுங்களக் கூப்பிடுங்க, இவங்க வீட்டுக்குப் போகட்டும்.' அடேயப்பா, சொன்னது அவள்தானா! குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லையே! மாற்று ஆட்கள் வந்து சேரும்வரை அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாளே!

இப்போது நிலையத்துக்கு எதிர்ப்பக்கத்துப் பேருந்து நிறுத்தத்தில் அண்ணன் அவளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்திருக்கிறான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. 'எல்லார் முன்னாடியும் என் மானத்த வாங்கிட்ட.' போன வாரம் வண்டியைச் சுவரில் இடித்தாயே, அப்போது போகவில்லையா மானம்? கேட்டே விட்டாள். 'லேசா உரசுச்சு, அவ்வளவுதான், உனக்கு யாரு சொன்னா?' வேறு யார், அண்ணிதான், போனில் அழுதாளே, ஒருநாள் யார் மேலயாவது ஏத்திடப் போறாரும்மா, சொன்னா கேக்க மாட்டேங்குறாரு என்று... 'அவ ஒரு பயந்தாங்கொள்ளி, அன்னைக்கு நான் முழிச்சுட்டுதான்...' என்று தொடங்கியவன் முடிக்கவில்லை, தலை மெல்லச் சரிந்து அவள் தோளில் விழுந்தது. இது நடிப்பில்லை, வாய் திறந்திருக்கிறது. எவ்வளவு கனம் இந்தத் தலை! தோள் வலித்தது, வலிக்கட்டும், இந்தத் தூக்கத்தை நான்தான் வாங்கிக் கொடுத்தேன் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்ல வேண்டும்போல் அவளுக்குப் பெருமை பொங்கியது.

எதிரே நிலையத்தில் மணி அடித்தது. ஐயோ, எழுந்து ஓடுவானே, அவள் அவன் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கதவு திறந்து, சிவப்பு வண்டி அலறிக்கொண்டு அவர்கள் முன்னாலேயே திரும்பிப் போனது, வேறொருவன் ஓட்டினான், நன்றாகத்தான் ஓட்டினான்... அண்ணன் அசையவில்லை. குக்கர் விசில் சத்தத்துக்கே துள்ளி எழுகிறவன், ஒரு விரல்கூட அசையவில்லை. அப்படியானால் இத்தனை நாளும் மணி கேட்டு எழுந்து ஓடியது யார், அந்த ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவன் நிஜமாகவே விழித்துத்தான் இருந்தானா... அவனை எழுப்பிக் கேட்டாலும் அவனுக்கே தெரியுமா?